சிக்னல் தேய்ந்தால் சார்ஜும் தேயும்: அலைபேசி பேட்டரி பற்றிய கேள்வி பதில்

வைஃபை, புளூடூத், 5ஜி, ஹாட்ஸ்பாட் ஆகியவை பேட்டரியை எவ்வளவு தின்கின்றன என்பதுதான் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை. கைப்பேசியில் அலைகளை அனுப்பி வாங்கும் ரேடியோப் பகுதியோடு நெடுநாளாகப் பழகியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (செவிலியர் ஒருவர்): விடுமுறை நாளில் இரவு வரை தாங்கும் என் ஃபோன், பணி நாளில் மதியத்துக்குள் பாதிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. நான் வேலை செய்வது அடித்தளத்தில் உள்ள ஸ்கேன் பிரிவில். ஃபோனைப் பையிலிருந்து எடுப்பதுகூட இல்லை. பேட்டரி கெட்டுவிட்டதா?

பதில்: விடுமுறையில் இரவு வரை தாங்குகிறது என்றால் பேட்டரியில் குறையில்லை. குறை அந்த அடித்தளத்தில் இருக்கிறது.

ஃபோன் டவரோடு எப்போதும் ஒரே வலுவில் பேசுவதில்லை. "கூட்டு", "குறை" என்று டவர் அதற்கு ஓயாமல் கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கும். சாதாரண 4ஜி ஃபோன் அதிகபட்சமாக 200 மில்லிவாட் வரை அலையை வெளியே அனுப்பும். டவர் மிக அருகில் இருந்தால், ஒரு மில்லிவாட்டின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை இறங்கிவரவும் அதனால் முடியும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையே சுமார் இருபது லட்சம் மடங்கு வித்தியாசம். அருகில் இருப்பவரிடம் முணுமுணுத்தால் போதும். ஆற்றின் அக்கரையில் நிற்பவரைத் தொண்டை கிழியக் கூவித்தான் அழைக்க வேண்டும். அந்த 200 மில்லிவாட்டை உண்டாக்கும் பெருக்கி, பேட்டரியிலிருந்து அதைப்போலப் பல மடங்கு உறிஞ்சுகிறது. அலையாக வெளியேறாத மிச்சமெல்லாம் வெப்பமாகிறது. பையிலிருந்து எடுக்கும்போது ஃபோன் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

"நான்தான் பேசவே இல்லையே" என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் பேசவில்லை, ஃபோன் பேசிக்கொண்டிருக்கிறது. எக்ஸ்ரே, சி.டி. அறைச் சுவர்களில் ஈயத் தகடு இருக்கும், எம்.ஆர்.ஐ. அறையைச் சுற்றிப் பெரும்பாலும் செப்புத் தகடு இருக்கும். மேலே மொத்தக் கட்டடத்தின் கான்கிரீட். இவற்றைத் தாண்டி வரும் சிக்னல் ஒரு கணம் இருக்கும், மறுகணம் போய்விடும். டவர் கைநழுவியதும் ஃபோன் தனக்குத் தெரிந்த அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் துழாவுகிறது, கிடைத்ததும் தன்னைப் பதிவு செய்துகொள்கிறது, மீண்டும் இழக்கிறது. இதற்கிடையில் மின்னஞ்சலும் செய்திச் செயலிகளும் தகவல் அனுப்ப முயன்று, தோற்று, மறுபடி முயல்கின்றன. மதியத்துக்குள் பாதி சார்ஜ் போனதில் வியப்பே இல்லை.

சந்தேகம் இருந்தால் அளந்தே பார்க்கலாம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு ஃபோன்களில், ஃபோனைப் பற்றிய அமைப்புகளில் சிம் நிலை என்ற பகுதிக்குள் போனால் சிக்னல் வலிமை எண்ணாகத் தெரியும். டி.பி.எம். என்பது சிக்னல் வலிமையின் அலகு. மைனஸ் 85 டி.பி.எம். அளவில் இருந்தால் நல்ல சிக்னல். மைனஸ் 115 என்றால் ஃபோன் திண்டாடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இந்த அளவில் பத்து எண் இறங்கினால் கிடைக்கும் சிக்னல் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. உங்கள் வீட்டிலும் பணியிடத்திலும் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

கேள்வி (அதே செவிலியர்): அப்படியானால் ஃப்ளைட் மோடில் போட்டுவிடலாமா? வீட்டிலிருந்து அவசரமாக அழைத்தால் என்ன செய்வது?

பதில்: உங்கள் பிரிவில் வைஃபை இருந்தால் இரண்டும் கைகூடும். முதலில் ஃப்ளைட் மோடைப் போடுங்கள். பிறகு வைஃபையை மட்டும் தனியாக இயக்குங்கள். உங்கள் சேவை நிறுவனம் வைஃபை வழி அழைப்பை அனுமதித்தால், அமைப்புகளில் அதையும் இயக்கிவிடுங்கள். வழக்கமான எண்ணுக்கு வரும் அழைப்பே வைஃபை மூலம் வந்து சேரும். ஒருமுறை யாரையாவது அழைக்கச் சொல்லிச் சோதித்துவிட்டு நம்புங்கள். வைஃபை இல்லையென்றால் ஃப்ளைட் மோடு வேண்டாம். பிரிவின் தரைவழித் தொலைபேசி எண்ணை வீட்டில் கொடுத்துவையுங்கள். சார்ஜை மிச்சப்படுத்துவதற்காக வீட்டார் உங்களை எட்ட முடியாமல் போகக் கூடாது.

கேள்வி: என் அம்மா ஒவ்வொரு முறை ஃபோனைக் கீழே வைக்கும்போதும் டேட்டா, வைஃபை, புளூடூத், லொகேஷன் எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறார். வீடியோ அழைப்பு போவதே இல்லை. அவர் செய்வது சரியா?

பதில்: யாரோ சொன்ன அறிவுரையை அவர் ஒழுங்காகப் பின்பற்றுகிறார். அறிவுரைதான் தவறு. எத்தனை இணைப்புகள் திறந்திருக்கின்றன என்று எண்ணுவதில் பயனில்லை. ஒவ்வொன்றும் எவ்வளவு பாடுபடுகிறது என்பதைப் பொறுத்தே செலவு.

வீட்டு வைஃபையோடு இணைந்து சும்மா கிடக்கும் ஃபோன் பெரும்பாலான நேரம் ரேடியோவை உறங்கவைத்திருக்கிறது. ரவுட்டர் ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடிக்கு ஒருமுறை ஓர் அறிவிப்பு அலையை அனுப்பும். ஃபோன் அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் கண் விழித்து, தனக்குத் தகவல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீண்டும் உறங்கும். புளூடூத்தின் செலவு இன்னும் குறைவு. சில மீட்டர் தூரத்துக்கு ஓரிரு மில்லிவாட் அலையே போதும். 2010இல் வந்த புளூடூத் 4.0, கடிகாரம் போன்ற சிறு கருவிகள் மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்குவதற்கென்றே தனி முறை ஒன்றைக் கொண்டுவந்தது. லொகேஷனை எந்தச் செயலியும் கேட்காதபோது ஜி.பி.எஸ். இயங்குவதே இல்லை.

ஆகவே அம்மா வீட்டில் இருக்கும்போது வைஃபை இயங்கட்டும். மொபைல் டேட்டாவைவிட அதுதான் பேட்டரிக்கு நல்லது. ரவுட்டர் சில அடி தூரத்தில் இருக்கிறது, டவரோ எங்கோ இருக்கிறது. சார்ஜை மிச்சப்படுத்த வேண்டும் என்று அவர் விரும்பினால், திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, முப்பது விநாடியில் தானாக அணையும்படி வைத்துக் கொடுங்கள். நாலு பொத்தானை அணைப்பதைவிட இது பலமடங்கு பலன் தரும். வீடியோ அழைப்பும் போய்ச் சேரும்.

கேள்வி: வைஃபையை அணைத்த பிறகும் அது இயங்குவதாகச் சொல்கிறார்களே?

பதில்: ஓரளவு உண்மை. ஆண்ட்ராய்டில் லொகேஷன் அமைப்புகளுக்குள் வைஃபை ஸ்கேனிங், புளூடூத் ஸ்கேனிங் என்று தனியாக இரண்டு உண்டு. அவை இயங்கினால், மேலே அணைத்திருந்தாலும் இருப்பிடத்தைக் கணிக்க அக்கம்பக்கத்து ரவுட்டர்களைத் தேடும். ஐபோனில் கட்டுப்பாட்டு மையத்தில் தொட்டு அணைத்தால் இணைப்பு மட்டும் துண்டிக்கப்படும். முழுதும் அணைக்க அமைப்புகளுக்குள் போக வேண்டும்.

கேள்வி (கல்லூரி மாணவர்): ஒரு மணி நேரம் வீடியோ பார்ப்பது சரி, சார்ஜ் இறங்கும். வெறும் குறுஞ்செய்திகள் அனுப்பினாலும் சார்ஜ் ஏன் இப்படி இறங்குகிறது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். சின்னச் செய்தி போய்ச் சேர ஒரு விநாடிகூட ஆகாது. ஆனால் செய்தி போனதும் ரேடியோ உறங்கப் போவதில்லை. அடுத்த தகவல் வரலாம் என்று விழித்தபடி காத்திருக்கும். பல 4ஜி வலைப்பின்னல்களில் இந்தக் காத்திருப்பு பத்து விநாடி அளவில் இருக்கும். அதாவது ஒரு விநாடி வேலைக்குப் பத்து விநாடி செலவு.

நிமிடத்துக்கு ஒருமுறை ஏதோ நூறு பைட்டை அனுப்பும் செயலி ஒன்று பின்னணியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அனுப்பும் டேட்டா ஒன்றுமே இல்லை. ஆனால் நிமிடத்துக்குப் பத்து விநாடி என்றால் ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம், ஒரு நாளில் நான்கு மணி நேரம் ரேடியோ விழித்திருக்கிறது. வீடியோ நேர்மாறானது. பெரிய துண்டாக ஒரே மூச்சில் இறங்கும். அதை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ரேடியோ ஓய்வெடுக்கும். செலவு பெரும்பாலும் திரைக்குத்தான் போகும். டேட்டாப் பயன்பாட்டுப் பட்டியலைப் பார்த்து, "இந்தச் செயலி குறைவாகத்தான் பயன்படுத்துகிறது" என்று முடிவுகட்டாதீர்கள். எத்தனை முறை எழுப்புகிறது என்பதே கணக்கு.

இதைச் சமாளிக்கத்தான் 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0இல் டோஸ் என்ற ஏற்பாடு சேர்க்கப்பட்டது. ஃபோன் அசையாமல் கிடந்தால், செயலிகளின் கோரிக்கைகளை எல்லாம் நிறுத்திவைத்து, இடையிடையே ஒரு சிறு நேரத்தில் மொத்தமாக அனுப்பிவிடும். சில செயலிகள் "பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து எனக்கு விலக்குக் கொடுங்கள்" என்று கேட்கும். மருத்துவக் கருவியோடு இணைந்த செயலி போன்ற உண்மையான தேவை இருந்தால் கொடுங்கள். விளையாட்டும் விற்பனைச் செயலியும் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

கேள்வி: 5ஜி வந்த பிறகுதான் சார்ஜ் நிற்பதில்லை. 4ஜிக்கே மாறிவிடலாமா?

பதில்: இடத்தைப் பொறுத்தது. முதலில் பரவிய 5ஜி சேவைகளில் பல, 4ஜியின் தோளில் ஏறி வந்தவை. அவற்றில் ஃபோன் 4ஜி, 5ஜி இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தச் சுமை உண்மையானது. தனித்து இயங்கும் 5ஜியில் இது இல்லை. நல்ல 5ஜி சிக்னலில் பெரிய கோப்பு சட்டென்று இறங்கி முடிந்து ரேடியோ சீக்கிரம் உறங்கிவிடுவதால் லாபம்கூட உண்டு. ஆனால் உங்கள் திரையில் 4ஜி, 5ஜி என்று மாறி மாறி வருகிறதென்றால் அந்த இடத்தில் 4ஜியையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி (லாரி ஓட்டுநர்): வழிகாட்டியைப் போட்டால் ஃபோன் சூடாகி, சார்ஜில் இருந்தாலும் இறங்குகிறது. ஜி.பி.எஸ். அவ்வளவு மின்சாரம் எடுக்குமா?

பதில்: ஜி.பி.எஸ். ஒரு செவி மட்டும்தான் அண்ணே, அது எதையும் அனுப்புவதில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் மெல்லிய சிக்னலைக் கேட்டுக் கணக்குப் போடுகிறது. அதற்கும் செலவு உண்டு என்றாலும், உங்கள் ஃபோனை வாட்டுவது மூன்றும் சேர்ந்து: முழு வெளிச்சத்தில் எரியும் திரை, டவருக்கு டவர் மாறிக்கொண்டே வரைபடத்தை இறக்கும் டேட்டா, முன்கண்ணாடி வழியே அடிக்கும் வெயில். சூடு மிகுந்தால் ஃபோன் தன்னைக் காத்துக்கொள்ளச் சார்ஜ் ஏற்றும் வேகத்தைத் தானே குறைத்துவிடும். போகும் பாதையின் வரைபடத்தைப் புறப்படுமுன் வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃபோனை வெயில் நேரே படாத இடத்துக்கு மாற்றுங்கள். நேர்சாலையில் திரையை அணைத்துவிட்டுக் குரல் வழிகாட்டலை மட்டும் கேளுங்கள்; கண்ணும் சாலையிலேயே இருக்கும்.

கேள்வி: ஹாட்ஸ்பாட்?

பதில்: ஒரு பக்கம் டவர், மறுபக்கம் வைஃபை, இரண்டிலும் ஓய்வில்லாத வேலை. முடிந்தால் யு.எஸ்.பி. கேபிளில் மடிக்கணினியோடு இணையுங்கள். வைஃபை வேலை குறையும், சார்ஜும் ஏறும்.

கேள்வி: செயலிகளை அவ்வப்போது தள்ளி மூடினால் சார்ஜ் மிஞ்சுமா?

பதில்: மிஞ்சாது. மறுபடி திறக்கும்போது முதலிலிருந்து தொடங்குவதால் கூடுதலாகத்தான் செலவாகும்.

கேள்வி (மூத்த வாசகர்): என் பழைய பொத்தான் ஃபோன் ஒரு வாரம் தாங்கியது. இப்போது 5000 மில்லியாம்பியர்-மணி பேட்டரி இருந்தும் ஒரு நாள்தான். தரம் குறைந்துவிட்டதா ஐயா?

பதில்: பேட்டரியின் தரம் கூடித்தான் இருக்கிறது. 5000 மில்லியாம்பியர்-மணி என்பது ஏறக்குறைய 19 வாட்-மணி ஆற்றல். ஃபோன் சராசரியாக ஒரு வாட் எடுத்தால் 19 மணி நேரம் ஓடும். உங்கள் பழைய ஃபோனின் ஜி.எஸ்.எம். (2ஜி) ரேடியோ உச்சத்தில் இரண்டு வாட் வரை அனுப்பக்கூடியது, இன்றைய 4ஜியைவிட அதிகம். ஆனால் பேசும்போது எட்டில் ஒரு பங்கு நேரமே அனுப்பும். பேசாதபோது, அழைப்பு வருகிறதா என்று இடைவெளி விட்டுக் கேட்பதைத் தவிர அதற்கு வேலையே இல்லை. இன்றைய ஃபோனிலும் டேட்டாவை அணைத்துத் திரையைத் தொடாமல் வைத்தால், நல்ல சிக்னலில் நாள்கணக்கில் தாங்கும்.

கேள்வி: 20 விழுக்காடு காட்டும்போதே, அதுவும் பயணத்தில்தான், ஃபோன் அணைந்துவிடுகிறது. வீட்டில் அப்படி ஆவதில்லை. ஃபோனுக்கு நான்கு வயது.

பதில்: வயதும் சிக்னலும் கைகோக்கும் இடம் இது. லித்தியம்-அயனி பேட்டரி மூப்படையும்போது கொள்ளளவு குறைவதோடு உள்மின்தடையும் ஏறுகிறது. ரயிலின் உலோகப் பெட்டிக்குள், டவர் தொலைவில் இருக்கும்போது பெருக்கி திடீரென்று பெரிய மின்னோட்டத்தைக் கேட்கும். அந்தக் கணத்தில் மின்தடையால் மின்னழுத்தம் சரிந்து, ஃபோன் இயங்கத் தேவையான அளவுக்குக் கீழே போனால் அணைந்துவிடும். குளிரில் இது இன்னும் மோசமாகும். அளவைக் காட்டும் 20 விழுக்காடு பொய்யில்லை. ஆற்றல் உள்ளே இருக்கிறது, வேகமாக வெளியே வர முடியவில்லை.

பேட்டரியை மாற்றுங்கள், ஃபோனை மாற்ற வேண்டாம். அதுவரை பயணத்தில் சார்ஜை 40 விழுக்காட்டுக்குக் கீழே விடாமல், சிக்னல் விழும் பகுதிகளில் டேட்டாவை அணைத்து வையுங்கள். மாற்றும்போது ஃபோன் தயாரிப்பாளர் ஒப்புக்கொண்ட பேட்டரியையே கேளுங்கள். பழைய பேட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தவோ வளைக்கவோ குப்பையில் போடவோ கூடாது. மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.