நாலு மணிக்கு எழுந்தே ஆக வேண்டுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 36 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். கணவருக்கு ஸ்பின்னிங் மில்லில் வாராவாரம் மாறும் ஷிப்ட். மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. நான் வீட்டுக்கு வர இரவு ஒன்பது ஆகும். சமையல், பாத்திரம் எல்லாம் முடித்து, கொஞ்ச நேரம் போன் பார்த்துவிட்டுப் படுக்கப் பதினொன்றரை ஆகிவிடும். ஜிஎஸ்டி கோர்ஸ் படித்து முன்னேற ஆசை, ஆனால் நேரமே இல்லை. அதனால் 2,999 ரூபாய் கட்டி, 21 நாளில் வாழ்க்கையை மாற்றும் அதிகாலைப் பழக்க வகுப்பு ஒன்றில் ஆன்லைனில் சேர்ந்தேன். தினமும் நாலு மணிக்கு எழ வேண்டும். ஒன்பதாம் நாள் எழ முடியவில்லை. முதல் நாளிலிருந்து திரும்ப ஆரம்பிக்கச் சொன்னார்கள். இப்படியே மூன்று முறை ஆகிவிட்டது. தலைவலி, பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன், கணக்கில் தப்பு வருகிறது. எனக்கு மன உறுதி இல்லை என்கிறார் பயிற்சியாளர். 14,999 ரூபாய் கட்டினால் தனிப் பயிற்சியாம், கூடவே ஒரு சத்துப் பொடியாம். பக்கத்து வீட்டு அக்கா, தூக்கம் வர மெடிக்கலில் அரை மாத்திரை வாங்கிப் போடச் சொல்கிறார். நான் என்ன செய்ய?

பதில்: அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். அரை மாத்திரையையும் தொடாதீர்கள். மற்றதை எல்லாம் நிதானமாகப் பேசலாம்.

உங்கள் மன உறுதியில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர், ஆகவே கணக்காகவே சொல்கிறேன். முன்பு பதினொன்றரைக்குப் படுத்து ஐந்தே முக்காலுக்கு எழுந்தபோது உங்களுக்கு ஆறேகால் மணி நேரத் தூக்கம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதுவே போதாது, பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும். நாலு மணிக்கு எழத் தொடங்கியதும் அது நாலரை மணி நேரமாகிவிட்டது. தினமும் ஒன்றே முக்கால் மணி நேரம் பற்று. எட்டு நாளில் பதினாலு மணி நேரம். அதாவது இரண்டு முழு இரவின் தூக்கம் உங்களிடமிருந்து போயிருக்கிறது. ஒன்பதாம் நாள் உடம்பு எழ மறுத்தது அதனால்தான். உடம்பு தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. தலைவலி, எரிச்சல், பற்றை வரவில் போடுவது எல்லாம் இந்தக் கடனுக்கான வட்டி.

நம் பாட்டிமார் நாலு மணிக்கு எழவில்லையா என்று கேட்பார்கள். எழுந்தார்கள். விளக்கு வைத்ததும் சாப்பிட்டு, எட்டு மணிக்கே பாய் விரித்துப் படுக்கவும் செய்தார்கள். அந்த எட்டு மணியை விட்டுவிட்டு நாலு மணியை மட்டும் எடுத்து விற்கிறார்கள். எழும் நேரத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசும் எந்தப் பயிற்சியாளராவது, நீங்கள் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாரா? உங்கள் கடிதத்தைப் படித்தால் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சில மாதங்களுக்கு முன் என் கிளினிக்குக்கு ஒரு பெண்மணி வந்தார். கையில் பொடி டப்பாக்கள் நிறைந்த பை. டோக்கன் எண்ணை இரண்டு முறை கூப்பிட்டும் எழவில்லை. சுவரில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, ஃபேனுக்குக் கீழே நல்ல தூக்கம். நர்ஸ் தோளைத் தொட்டு எழுப்பினார். உள்ளே வந்ததும் தன் போனைக் காட்டினார். 4:00, 4:05, 4:10, 4:15 என்று வரிசையாக ஏழு அலாரம். ஏழும் அவருக்கு ஏழு முறை தோல்வியாகவே பட்டிருக்கிறது. அவருக்கு நான் எழுதிக் கொடுத்தது ஒரே வரிதான்: இரவு பத்தரைக்கு விளக்கை அணைக்கவும். பொடிக்கு அவர் செலவழித்திருந்த தொகையைக் கேட்டபோதுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

அந்த 21 நாள் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1960-இல் ஓர் அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று தான் கவனித்ததை எழுதினார். அந்தக் ‘குறைந்தது’ வழியில் எங்கோ உதிர்ந்துபோய், எல்லாப் பழக்கத்துக்கும் 21 நாள் என்று ஆகிவிட்டது. பிறகு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, கொஞ்சம் ஓடுவது போன்ற சின்னப் பழக்கங்கள்தான். அவை தானாக வர நடுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கிட்டார்கள். உங்களுக்கு முக்கியமான செய்தி அதிலேயே இருக்கிறது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. ஆக, ஒரு நாள் தவறினால் முதல் நாளிலிருந்து தொடங்கு என்பது அறிவியல் இல்லை. உங்களைத் தோற்றவராகவே வைத்திருந்து அடுத்த கட்டணத்துக்குத் தயார் செய்யும் ஏற்பாடு.

சரி, உங்கள் நாளுக்கு வருவோம்.

எழும் நேரம் ஐந்தே முக்காலாகவே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம்; மிஞ்சிப் போனால் அரை மணி நேரம் கூடுதல். படுக்கும் நேரத்தைப் பத்தே முக்காலுக்குக் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் முடியாது. வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் நகர்த்தினால் மூன்று வாரத்தில் வந்துவிடும்.

அந்த முக்கால் மணி நேரம் எங்கிருந்து வரும்? போனிலிருந்து என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் நாள் முழுக்க ஓனருக்கும் வீட்டுக்கும் கொடுத்த பிறகு உங்களுக்கென்று மிஞ்சுவது அந்த நேரம் ஒன்றுதான். அதைப் பிடுங்கினால் எந்தத் திட்டமும் நிற்காது. ஆகவே போன் இருக்கட்டும், இடத்தை மாற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், பிறகு அடுப்படிக்குப் போங்கள். இரவுப் பாத்திரத்தை மகனும் மகளும் ஆளுக்கொரு நாள் கழுவட்டும். ஆறாம் வகுப்புப் பையனுக்குத் தட்டும் டம்ளரும் கழுவத் தாராளமாக முடியும். பையன் என்று விட்டுவிடாதீர்கள். படுக்கும்போது போன் அடுப்படி ஷெல்பில் சார்ஜில் இருக்கட்டும். அலாரத்துக்கு நூற்றைம்பது, இருநூறு ரூபாயில் ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம்.

கம்பெனியில் சாயங்காலம் டீ எத்தனை மணிக்குக் கொடுக்கிறார்கள்? ஆறரை, ஏழு என்றால் அதுவும் உங்கள் தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறது. டீ, காபியில் உள்ள காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் எடுக்கும். ஏழு மணி டீயில் பாதி, நள்ளிரவில் உங்களோடு விழித்திருக்கிறது. மதியம் மூன்று மணியோடு டீயை நிறுத்திக்கொண்டு, மாலையில் காபித்தூள் போடாத சுக்கு மல்லி குடியுங்கள்.

காலையில் வெளிச்சம் வந்ததும் பத்து நிமிடம் வெளியே நில்லுங்கள். வாசல் தெளித்துக் கோலம் போடுபவர் என்றால் அதுவே போதும். இல்லையென்றால் மொட்டை மாடி. உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்பது பேச்சுக்குச் சொல்வது இல்லை. அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூவருக்குத்தான் 2017-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது காலை வெளிச்சம். நாலு மணி இருட்டில் எழுந்து போன் திரையைப் பார்ப்பதால் அந்தச் சாவி கிடைக்காது.

ஜிஎஸ்டி படிப்பை மதியச் சாப்பாட்டு இடைவேளைக்கு மாற்றுங்கள். டப்பாவைக் கழுவி வைத்த கையோடு, அதே நாற்காலியில், இருபது நிமிடம். வாரத்தில் நாலு நாள் நடந்தால் போதும். புதிதாக ஒன்றைச் செய்ய, ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒன்றின் வாலைப் பிடித்துக்கொள்வது சுலபம். படித்தது மனதில் பதிவதும் பெரும்பாலும் தூக்கத்தில்தான். தூக்கத்தை வெட்டிப் படிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது. மகளையும் நாலு மணிக்கு எழுப்புகிறீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. வேண்டாம். அந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூக்கம் தேவை. இரவு வரை டியூஷன், விடிந்தும் விடியாமலும் ஸ்பெஷல் கிளாஸ் என்று பள்ளிகளே அதைப் பாதியாக்கி வைத்திருக்கின்றன. வீட்டிலும் நாம் சேர்ந்து குறைக்கக் கூடாது.

இதுவரை சொன்னது உங்களுக்கு. உங்கள் கணவருக்கு இது பொருந்தாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நைட் ஷிப்ட் பார்க்கும் ஆளைக் காலையில் தூங்குகிறார் என்று குறை சொல்லும் வீடுகளை நான் நிறையப் பார்க்கிறேன். தினமும் ஒரே நேரத்தில் எழுங்கள் என்ற விதி அவரிடம் செல்லாது. நைட் முடிந்து வந்தால் லேசாகச் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்க வேண்டும். பேப்பர், டிவி, கடைவீதி எல்லாம் பிறகு. ஜன்னலுக்குக் கெட்டியான கறுப்புத் துணி போடுங்கள். கேஸ்காரர், கூரியர்காரர் வந்தால் எழுப்ப வேண்டாம் என்று பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள். பகலில் ஐந்து, ஆறு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் வராது. மீதியை வேலைக்குக் கிளம்பும் முன் சாயங்காலம் ஒன்றரை மணி நேரமாக எடுத்துக்கொள்ளட்டும். ஷிப்டின் முதல் பாதியில் மட்டும் டீ. கண் சொக்கினால் பைக்கை எடுக்கவே கூடாது, மில் பஸ்ஸில் வரட்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் என்றால், நைட் வாரத்தில் எந்த நேரம் எடுப்பது என்று தன் டாக்டரிடம் தனியாகக் கேட்க வேண்டும். ஷிப்ட் மாறும் வரிசையையும் கவனியுங்கள். காலை, மதியம், இரவு என்று முன்னோக்கி மாறினால் உடம்பு ஓரளவு தாங்கும். இரவு, மதியம், காலை என்று பின்னோக்கி மாற்றினால் மிகவும் கஷ்டம். சூப்பர்வைசரிடம் கேட்டுப் பார்க்கட்டும். காசு செலவில்லாத மாற்றம் இது. இருந்தும் எத்தனையோ இடங்களில் யாரும் காதில் வாங்குவதில்லை. இரவுப் பணியை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007-லேயே புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் ஷிப்ட் அட்டவணையை நம் ஊரில் ஆரோக்கிய விஷயமாகவே யாரும் பார்ப்பதில்லை.

உங்கள் கம்பெனியும் அப்படித்தான். காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வருவதை ‘ஒன்றரை ஷிப்ட்’ என்று சாதாரணமாகச் சொல்கிறோம். ஆறு நாளுக்கு 72 மணி நேரம். 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம் தொழிலாளிக்குப் போட்ட வரம்பு வாரம் 48 மணி நேரம். மனிதரை இப்படிப் பிழிந்துவிட்டு, சமநிலையான வாழ்க்கைக்குப் பழக்கத்தை மாற்று என்று அவர் தலையிலேயே கட்டுவது எனக்குக் கோபம் வரவைக்கிறது. மாதக் கடைசி தவிர மற்ற நாட்களில் ஏழரைக்குக் கிளம்ப முடியுமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அந்தச் சத்துப் பொடியைப் பற்றி. டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கிறது, அரசே அங்கீகரித்தது என்பார்கள். அது உணவுப் பொருளைத் தயாரிக்கவும் விற்கவும் தரும் உரிமம் மட்டும். சோர்வு தீரும், எடை குறையும் என்பதற்கு அது சான்று ஆகாது. சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். அடுத்த கட்டமாக, நீங்களே கோச் ஆகலாம், ஐந்து பேரைச் சேர்த்துவிடுங்கள் என்று வருவார்கள். ஆள் சேர்ப்பதற்கே பணம் தரும் பிரமிடு முறையை 2021-ஆம் வருட நேரடி விற்பனை விதிகள் தடை செய்திருக்கின்றன. கட்டிய பணத்தை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.

அரை மாத்திரை என்று மெடிக்கலில் கொடுப்பது பெரும்பாலும் அல்பிரஸோலம். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து அது. விற்றால் நோட்டில் பதிந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். தெரிந்தவர் என்று கவுன்ட்டருக்கு மேலே தள்ளிவிடுகிறார்கள். பழகிவிட்டால் அதில்லாமல் தூக்கமே வராது, திடீரென்று நிறுத்தவும் முடியாது. உங்களுக்குத் தூக்கம் வராத நோயே இல்லை, தூங்க நேரம் இல்லை. இரண்டும் வேறு.

ஒரு வேலை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள், காசு கேட்க மாட்டார்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. இந்த அசதியில் அதுவும் சேர்ந்திருக்கலாம். 12-க்குக் கீழே வந்தால் அங்கேயே டாக்டரிடம் சீட்டைக் காட்டி, மாதவிடாய் எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ரிசல்ட்டை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.