மூன்றாவது பாடம் பிசிக்ஸ் என்று யார் சொன்னது?

கேள்வி: எனக்கு ஒரே மகள், வயது 17. ஜிசிஎஸ்இ பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தவள். ஏ லெவலுக்குப் பயோலொஜியும் கெமிஸ்ட்ரியும் எடுத்துவிட்டு மூன்றாவதாக பிலிம் ஸ்டடீஸ் எடுத்தாள். எவ்வளவோ சொன்னோம், கேட்கவில்லை. வெளியில் கேட்பவர்களுக்கு பிசிக்ஸ் என்றுதான் சொல்லியிருக்கிறோம், அது வேறு விஷயம். என் கவலை என்னவென்றால், அவள் இப்போது எல்லாவற்றையும் எங்களிடம் மறைக்கிறாள். போன மாதம் பள்ளிக்கூடத்தில் ஒரு பின்னேரம் பிள்ளைகள் எடுத்த படங்களைப் போட்டுக் காட்டினார்களாம். பெற்றோருக்கும் அழைப்பாம். எங்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லை. கோயிலில் ஒரு தாய், "உங்கட மாமியப் படத்தில பாத்தம், நல்லாச் செய்திருக்கிறா" என்றபோதுதான் எனக்குத் தெரியும். மாமி, என் கணவரின் தாய், எங்களோடுதான் இருக்கிறா. நான் இரவு வேலைக்குப் போன நாட்களில் குசினியில் வைத்து எடுத்திருக்கிறாள். வெங்காயம் உரிக்கிறதும் போன் கதைக்கிறதுமாக ஏதோ நாலு நிமிடமாம். மாமியும் வாய் திறக்கவில்லை. இந்தப் பாடம் வந்த பிறகுதான் பிள்ளை இப்படி மாறியது. அவளை டொக்டராக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. செப்டம்பரில் பிசிக்ஸுக்கு மாற்றலாமா?
– பெயர் வேண்டாம், ஹரோ, லண்டன்

பதில்:

தங்கச்சி,

கோடை லீவு நெருங்கினால் இந்தக் கடிதங்கள் வரத் தொடங்கும். நாடகம் எடுத்த பிள்ளை, ஆர்ட் எடுத்த பிள்ளை, பிலிம் எடுத்த பிள்ளை. பெயரை மாற்றிப் போட்டால் ஒரே கடிதம்தான். உங்களுடையதையும் அப்படித்தான் பாதி வரை வாசித்தேன். பிறகு ஒரு வரியில் நின்றுவிட்டேன். "வெளியில் கேட்பவர்களுக்கு பிசிக்ஸ் என்றுதான் சொல்லியிருக்கிறோம், அது வேறு விஷயம்."

வேறு விஷயமா? அதை அப்படி லேசாகத் தாண்டிப்போக நான் விடமாட்டேன்.

முதலில் நீங்கள் கேட்டதை முடித்துவிடுகிறேன். செப்டம்பரில் பாடம் மாற்றுகிற யோசனையை விடுங்கள். ஏ லெவல் இப்போது இரண்டு வருடப் படிப்பு, பரீட்சை எல்லாம் கடைசியில். இயர் 13இல், அதாவது இரண்டாம் வருடத்தில், புதிதாக பிசிக்ஸுக்குள் போகிற பிள்ளை இரண்டு வருடப் பாடத்தை அடுத்த மே மாதத்துக்குள் விழுங்க வேண்டும். பள்ளிக்கூடம் லேசில் சம்மதிக்காது, சம்மதித்தாலும் பிள்ளை தாங்காது. மருத்துவத்துக்கு அவள் எடுத்த கெமிஸ்ட்ரியும் பயோலொஜியும்தான் இங்கே முக்கியம். மூன்றாவது பாடம் இன்னதுதான் என்று பல மருத்துவக் கல்லூரிகள் கேட்பதில்லை. ஆனால் மூன்றிலும் ஏ கேட்பார்கள். அதனால் பிலிமில் பி வந்தால் உங்கள் டொக்டர் கனவும் சேர்ந்து ஆடும். வீட்டில் அந்தப் பாடத்தைத் திட்டித் திட்டி அவள் கையைத் தளரவிட்டால் நட்டம் யாருக்கு? விண்ணப்பம் அக்டோபர் 15க்குள் போக வேண்டும், அதில் நாலு மருத்துவக் கல்லூரிதான் போடலாம். எந்த நாலு என்று இப்போதே அவளோடு இருந்து ஒவ்வொன்றின் நிபந்தனையையும் வாசியுங்கள். இவ்வளவுதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

இனி அந்தப் பிசிக்ஸுக்கு வருகிறேன்.

ஏன் பிசிக்ஸ் என்று சொன்னீர்கள்? மற்ஸ் என்று சொல்லியிருக்கலாம், ஹிஸ்ட்ரி என்றும் சொல்லியிருக்கலாம். எனக்கு விளங்குகிறது. ஊரில் பயோ படித்த எல்லாருக்கும் விளங்கும். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல். இலங்கை ஏ.எல்.இல் மருத்துவத்துக்குப் போக அந்த மூன்றும் வேண்டும். அங்கே அது சரியான கணக்கு. நீங்கள் அந்தக் கணக்கை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து ஹரோவில் இறக்கி வைத்திருக்கிறீர்கள். உங்கள் மகள் கேட்காத ஒரு பாடத்தை, இங்கே பல கல்லூரிகள் கேட்காத ஒரு பாடத்தை, யாருக்காகச் சொன்னீர்கள்? ரொறன்ரோவில் இருக்கிற மச்சாளுக்கா, யாழ்ப்பாணத்தில் இருக்கிற சித்திக்கா?

சரி, சொல்லிவிட்டீர்கள். சொன்னவர்களுக்கு அதோடு முடிந்துவிடும். அந்தப் பொய்யைத் தினம் சுமக்கிறது யார் என்று நினைத்துப் பார்த்தீர்களா? கல்யாண வீட்டில் ஒரு மாமா வந்து, "பிசிக்ஸ் எப்படிப் போகுது பிள்ளை?" என்று கேட்கிறார். அவர் இன்ஜினியர் என்றால் அதோடு விடவும் மாட்டார், இப்போது என்ன சப்டர் என்று கேட்பார். பதினேழு வயதுப் பிள்ளை தட்டில் இருக்கிற வடையைப் பார்த்துக்கொண்டு, "பரவாயில்லை மாமா" என்கிறாள். அது அவள் சொன்ன பொய் இல்லை. நீங்கள் சொன்ன பொய்க்கு அவள் காவல் இருக்கிறாள்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் மூத்த மகன் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் சித்தியெய்தாமல் வீட்டுக்கு வந்து ஒரு கடையில் வேலைக்குப் போனான். நான் எல்லாரிடமும் செக்கன்ட் இயர் என்று சொல்லிவைத்தேன். ஒரு சாமத்தியச் சடங்கில் என் பெரியம்மா அவனைப் பிடித்து, "எத்தனையாம் வருஷம் ராசா?" என்று கேட்டா. அவன் உடனே பதில் சொல்லவில்லை. முதலில் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். எந்தப் பதிலைச் சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்கிற பார்வை. அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பது வயது, நல்லாக இருக்கிறான். ஆனாலும் சபையில் யாராவது அவனிடம் எதையாவது கேட்டால் எனக்கு இன்னும் அடிவயிறு கலங்கும்.

இப்போது அந்தப் பின்னேரத்தை எடுங்கள். பள்ளிக்கூடத்தில் படம் போடுகிறார்கள். பெற்றோர் வருகிறார்கள். அதில் தமிழ் ஆட்களும் இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அழைப்பைக் கொண்டுவந்து உங்கள் கையில் தந்து, நீங்களும் உங்கள் கணவரும் உடுத்துக்கொண்டு போய் அங்கே நின்றால் என்ன ஆகும்? பிசிக்ஸ் கதை அந்த ஹோலிலேயே உடையும். மானம் போனது என்று நீங்கள் வீட்டுக்கு வந்து சத்தம் போடுவீர்கள். அதனால் பிள்ளை உங்கள் பொய்யைக் காப்பாற்றினாள். இந்தப் பாடம் பிள்ளையை மாற்றிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மறைப்பதை அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை தங்கச்சி, உங்கள் வீட்டில்தான் படித்திருக்கிறாள்.

இதில் சிரிப்பு என்னவென்றால், கோயிலில் அந்தத் தாய் உங்களிடம் வந்து சொன்ன அன்றே கதை உடைந்துவிட்டது. அவவுக்குத் தெரியும், அவவின் வீட்டாருக்குத் தெரியும், இந்நேரம் அந்தக் கோயிலில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் மட்டும்தான் இன்னும் பிசிக்ஸ் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

பிலிம் ஸ்டடீஸ் படித்தால் வேலை கிடைக்கும், பிள்ளை பெரிய டைரக்டராக வருவாள் என்று நான் ஆறுதல் சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். அது எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. ஆனால் அது என்ன பாடம் என்றாவது நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா? எடுகாஸ் என்ற பரீட்சைச் சபையின் பாடத்திட்டம் என்றால் பதினொரு முழுநீளப் படங்கள். இரண்டு தாள், ஒவ்வொன்றும் இரண்டரை மணித்தியாலம், ஒவ்வொன்றுக்கும் 35 வீதம். நீங்கள் "ஏதோ நாலு நிமிடம்" என்று எழுதினீர்களே, அதுவும் அதோடு எழுதுகிற கட்டுரையும் சேர்த்து மிச்ச 30 வீதம். கட்டுரை 1,600 சொல்லுக்குக் குறையக்கூடாது. நடிப்பதற்கு வீட்டு ஆட்களைக் கூப்பிடலாம், ஆனால் படம் பிடிப்பதும் வெட்டித் தொகுப்பதும் அவளுடைய வேலை.

என் தங்கையின் பேத்தி இதே பாடம் படித்தவள். படம் பார்த்துப் பார்த்தே பாஸ் பண்ணலாம் என்று நினைத்துத்தான் அவளும் போனாள். முதல் டெஸ்டில் நல்ல அடி. பிறகு ஒரு சனிக்கிழமை என் வீட்டு வரவேற்பறையில் இருந்து பழைய பேசாப் படம் ஒன்றின் ஒரே காட்சியைத் திருப்பித் திருப்பிப் போட்டாள். நான் எண்ணினேன், பதினான்கு தரம். கொப்பியில் பெட்டி பெட்டியாகக் கீறி, கமரா எங்கே நிற்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, எத்தனை செக்கனில் வெட்டுகிறார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதினாள். "அம்மம்மா, இந்த ஆள் நல்லவனா கெட்டவனா என்று ஆரும் சொல்லேல்ல, ஆனா உங்களுக்கு அவனில பயம் வந்தது. எப்பிடி வந்தது?" என்று என்னைக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்கு நாடகத் தொடர் பார்க்க ஏலாமல் போய்விட்டது. ஒரே முகத்தை மூன்று தரம் கிட்டக் கிட்டக் காட்டினால் அவளுடைய குரல்தான் காதில் கேட்கிறது.

இன்னொன்றும் கேளுங்கள். 2017இல் அந்தப் பாடத்திட்டம் வந்தபோது ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள படங்களின் பட்டியலில் மணிரத்னத்தின் 'தில் சே' இருந்தது. நாங்கள் தமிழில் 'உயிரே' என்று பார்த்த அதே 1998ஆம் வருடப் படம்தான். வெள்ளைக்காரப் பிள்ளைகள் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிற ஒன்றை நாங்கள் சொந்தக்காரரிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு திரிகிறோம்.

உங்கள் மகளை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நான் பழைய காலத்து ஆள். பெற்றவர்களுக்கு அழைப்பு வந்தால் அதை அவர்கள் கையில் கொடுப்பது பிள்ளையின் கடமை. அவர்கள் வந்து சண்டை பிடித்தாலும் சரி. அதையும் விடப் பெரிய பிழை, வயதுபோன அப்பம்மாவைக் களவில் கூட்டுச் சேர்த்தது. தன் மகனின் வீட்டில் இருந்துகொண்டு மருமகளிடம் ஒளிக்க வேண்டிய நிலைக்கு ஒரு கிழவியைக் கொண்டுவந்து விட்டாள். இதை அவளிடம் நேரே சொல்லுங்கள், கண்டியுங்கள். ஆனால் உங்கள் பிழையைச் சொல்லி முடித்த பிறகு கண்டியுங்கள். அந்த ஒழுங்கு மாறினால் அவள் உங்களைப் பார்த்துச் சிரிப்பாள், எனக்கும் அவளைக் குறை சொல்ல வாய் வராது.

மாமி ஏன் ஒத்துக்கொண்டா என்றும் யோசித்தேன். நீங்கள் இரவு வேலை, அவர் வேலை, பிள்ளை பள்ளிக்கூடம். அந்த வீட்டில் பகல் முழுக்க மாமியோடு கதைக்க ஆர் இருக்கிறார்கள்? பேத்தி வந்து, "அப்பம்மா, இப்பிடி இருங்கோ, இஞ்ச பாருங்கோ, இன்னொருக்கா உரியுங்கோ" என்று சொல்லியிருப்பாள். படத்தில் வருகிற ஒரு வெங்காயத்துக்கு இரண்டு கிலோ வெங்காயம் உரித்திருப்பா. நீங்கள் விடிய வந்து அந்த வெங்காயக் கறியைச் சாப்பிட்டும் இருப்பீர்கள்.

இனிச் செய்ய வேண்டியது. இந்தக் கிழமைக்குள் ரொறன்ரோவுக்கோ ஊருக்கோ, முதலில் யாரிடம் பிசிக்ஸ் என்று சொன்னீர்களோ அவருக்கே போன் எடுங்கள். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் போட்டு, "பிள்ளை பிலிம் ஸ்டடீஸ் படிக்கிறா, நான்தான் மாத்திச் சொல்லிப்போட்டன்" என்று சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டாம், நியாயம் பேச வேண்டாம். மறுமுனையில் "ஆ, அப்பிடியோ" என்று ஒரு இழுப்பு வரும். அதைக் கேட்டுக்கொண்டு இருங்கள். அந்த இழுப்புக்குப் பயந்துதானே ஒரு வருடமாகப் பிள்ளையைப் பொய் சொல்ல வைத்தீர்கள்.

பிறகு உங்கள் கணவரையும் கூப்பிட்டு, மாமியையும் இருத்தி, அந்தப் படத்தைப் போடச் சொல்லுங்கள். உங்கள் குசினி, உங்கள் மாமி, உங்கள் மகள். கோயிலில் இருக்கிறவர்கள் பார்த்துவிட்டார்கள், நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெங்காயம் உரித்துக்கொண்டு மாமி போன் கதைக்கிறா என்று எழுதினீர்கள். யாரோடு கதைக்கிறா, பிள்ளை என்ன படிக்கிறாள் என்று அந்தப் போனில் சொல்கிறா என்பதை நீங்கள் இன்னும் கேட்கவில்லை.