முதுகில் ஊசி போட்டால் கால் வராமல் போகுமா?

சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசியால் நரம்பு கெட்டுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரசவ தேதி நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

நிரந்தர பாதிப்பு மிக அரிது. பிரிட்டனில் நாடு முழுக்க எடுத்த கணக்கு 2009-ல் வந்தது. ஸ்பைனல் (தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் போடும் ஊசி), எபிடியூரல் (அந்த உறைக்கு வெளியே போடுவது) எல்லாம் சேர்த்து, சந்தேகக் கேஸ்களையும் விடாமல் எண்ணியும் 1 லட்சத்துக்குச் சுமார் 4 பேர்தான். பிரசவத்தில் அதைவிடக் குறைவு.

தண்டுவடம் பெரும்பாலோருக்கு எல்1 எலும்பை, அதாவது இடுப்புப் பகுதி முதுகெலும்பில் முதலாவதை, ஒட்டி முடிந்துவிடும். கையால் தடவி இடம் பார்க்கையில் எலும்புகளுக்கு நடுவே ஓர் இடைவெளி மேலே போய்விடுவது சகஜம் என்பதால்தான் எல்3-4 (மூன்றாவது, நான்காவது எலும்புகளுக்கு நடுவே) அல்லது அதற்குக் கீழே குத்துகிறார்கள். ஊசி இறங்கும்போது காலில் ஷாக் அடித்த மாதிரி சுரீரென்று இழுத்தால் அசையாமல், உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த வலி இருக்கும்போது மருந்தைச் செலுத்தக் கூடாது.

ஊசிக்குப் பிறகு சிலருக்கு வரும், உட்கார்ந்தால் மண்டை பிளந்து, படுத்தால் விட்டுப்போகும் தலைவலி வேறு விஷயம். 25, 27 கேஜ் (ஊசியின் தடிமன் அளவு) கொண்ட மெல்லிய பென்சில் முனை ஊசியில் அது குறைவு.

கால்தான் முக்கியம். ஊசி போட்டு 4 மணி நேரத்தில் முட்டியை மடக்காமல் குதிகாலைப் படுக்கையிலிருந்து தூக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் "மருந்து இன்னும் இறங்கலை" என்ற பதிலோடு விடாதீர்கள், மயக்க மருத்துவரை வரச் சொல்லுங்கள். சரியான கால் மறுபடி தளர்ந்தாலோ, முதுகுவலி கடுமையானாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ இன்னும் அவசரம். ரத்தம் கட்டித் தண்டுவடத்தை அழுத்தலாம். உடனே எம்ஆர்ஐ எடுத்து, அறிகுறி தொடங்கிய 8 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் கால் மீளும் வாய்ப்பு அதிகம். ரத்தம் உறையாமலிருக்க எனாக்ஸாபரின் போடுகிறவர்கள் கடைசி ஊசி எத்தனை மணிக்கு என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். 40 மி.கி. என்றால் அதற்கும் முதுகு ஊசிக்கும் நடுவே 12 மணி நேர இடைவெளி வேண்டும்.

ஒரு பாதம் மட்டும் தொங்கினால், குழந்தையின் தலையோ, கால் தூக்கிவைக்கும் கம்பியோ நரம்பை அழுத்தியதாலும் இருக்கலாம். டாக்டர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது சொல்வார்கள். பரிசோதிக்காமல் விடலாம் என்று நான் சொல்லவில்லை. காரணம் வேறென்றால் வைத்தியமும் வேறு.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஸ்பைனல்' என்று ஒரே சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். எந்த இடைவெளி, எத்தனை கேஜ், எத்தனை முறை குத்தினார்கள், எதுவும் இருக்காது. பின்னால் கால் மரத்தால் நரம்பு டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். மயக்க மருந்துப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.