விடியற்காலை யாருக்கு?

அன்புள்ள ஐயா,

ஜெர்மன் இசையமைப்பாளரும் இசை எழுத்தாளருமான ராபர்ட் ஷூமன், பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான அவர் மனைவி கிளாரா, இந்தத் தம்பதியைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். எழுத்தும் இசையும் ஒரே வீட்டில் வாழ்வது பெரும் பேறு என்று முடித்திருந்தீர்கள். என் கணவர் சிறுகதை எழுதுகிறவர். நான் பாட்டு கற்றவள். கல்யாணத்துக்கு முன் கச்சேரிகளும் செய்திருக்கிறேன். எங்களுடையது இரண்டு அறை வீடு. காலை ஐந்து மணிக்கு அவர் எழுத உட்காருவார். எனக்கும் அதுதான் பாடிப் பழகும், சாதகம் செய்யும் நேரம். பாடாதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, நானாகவே நிறுத்திக்கொண்டேன். இப்போது பாடவேண்டும் என்றே தோன்றுவதில்லை. எனக்கு ஞானம் அவ்வளவுதானோ என்று நினைக்கிறேன்.

பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள வாசகிக்கு,

அந்தக் கடைசி வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. நானும் எழுதுகிறவன், எழுதும்போது அடுக்களையில் மிக்சி ஓடினால் முகம் சுளிக்கிறவன். அதனால் ராபர்ட்டின் நாற்காலியில் உட்கார்ந்தே அந்த வீட்டைப் பார்த்துவிட்டேன்.

சொன்னவை பொய்யல்ல. கிளாராவின் தந்தையை எதிர்த்து நீதிமன்றம் வரை போய், 1840 செப்டம்பர் 12 அன்று, கிளாராவுக்கு 21 வயது நிறைவதற்கு முதல் நாள் மணந்துகொண்டார்கள். மறுநாளே ஒரு நாட்குறிப்பைத் தொடங்கினார்கள்: ஒரு வாரம் அவர், மறுவாரம் இவர். ஜெர்மன் கவிஞர் ரூக்கர்ட்டின் கவிதைகளுக்கு இசையமைத்து 12 பாடல்களை ஒரே தொகுப்பாக 1841இல் வெளியிட்டார்கள். அதில் மூன்று கிளாராவுடையவை. எது யாருடையது என்று குறிக்கவே இல்லை.

நான் விட்டுவிட்டது அந்த நாட்குறிப்பிலேயே இருக்கிறது. ராபர்ட் இசையமைக்கும்போதெல்லாம் கிளாராவின் பியானோ மூடிக்கிடந்தது. நாள் முழுவதிலும் ஒரு மணி நேரம்கூடத் தனக்குக் கிடைப்பதில்லை, வாசிப்பு பின்தங்குகிறது என்று குறைப்பட்டுக்கொள்கிறார். இத்தனைக்கும் 1838இலேயே வியன்னா அரசவையின் பட்டம் பெற்றவர். ராபர்ட்டோ விரல் கெட்டு, மேடைப் பியானோவைக் கைவிட்டவர். நண்பர்களோடு தொடங்கிய இசை இதழுக்கு ஆசிரியராக இருந்தவர். கெட்ட மனிதர் அல்ல. பிள்ளைகளும், எந்நேரமும் கற்பனையில் திரியும் கணவனும் இருக்கும் வீட்டில் இவளால் எப்படித் தொடர்ந்து இசையமைக்க முடியும் என்று 1843இல் அவரே எழுதி வருந்தினார். வருந்தியதோடு சரி.

ஞானம் அவ்வளவுதானோ என்ற உங்கள் வரியைப் படித்ததும் கிளாரா 1839இல் எழுதியது நினைவுக்கு வந்தது. படைக்கும் திறன் தனக்கு இருப்பதாக ஒருகாலத்தில் நம்பினாராம். இப்போது அந்த எண்ணத்தை விட்டுவிட்டாராம். பெண் இசையமைக்க ஆசைப்படக் கூடாதாம். அப்போது அவருக்கு 20 வயது.

ஆனால் 1853 கோடையைப் பாருங்கள். ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகர வீட்டில் கணவரின் காதில் விழாமல் வாசிக்க ஒருவழியாக அவருக்கு ஓர் அறை அமைந்தது. சில ஆண்டுகளாக ஏறக்குறைய எதுவுமே எழுதாதிருந்தவர், ஆறு பிள்ளைகளின் தாய், அந்த ஒரே கோடையில் பியானோவுக்கும் வயலினுக்கும் குரலுக்குமாக நான்கு படைப்புகளை எழுதிமுடித்தார். அவற்றில் ஒன்று ராபர்ட்டின் பிறந்தநாளுக்குப் பரிசு. திறன் திடீரென்று வந்து சேரவில்லை. நடுவில் ஒரு சுவர் வந்தது, அவ்வளவுதான். (அடுத்த பிப்ரவரியில் ராபர்ட் ரைன் நதியில் குதித்ததும், 1856இல் மனநோய் விடுதியில் இறந்ததும், அதன்பின் கிளாரா பிள்ளைகளுக்காக ஊர் ஊராகக் கச்சேரி செய்ததும் வேறு கதை.)

பேனா சத்தம் போடாது. அதனாலேயே வீட்டின் அமைதி முழுவதும் தங்களுக்கு எழுதிவைத்த சொத்து என்று எழுதுகிறவர்கள் நினைத்துக்கொள்கிறோம். சிறுகதையை மொட்டைமாடியில் எழுதலாம், பூங்கா பெஞ்சில் எழுதலாம். 'ஆ' என்று நீட்டிப் பாடிப் பழகும் அகார சாதகத்தை அங்கே செய்ய முடியுமா?

ஞானத்தைப் பற்றிய கேள்வியை ஆறு மாதம் ஒத்திவையுங்கள். அந்த நாட்குறிப்பைப்போல விடியற்காலையை வாரம் மாற்றிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரம் உங்களுடையது. தொண்டை முதலில் ஒத்துழைக்காது; கீழ் ஸ்தாயியில் தொடங்குங்கள். இந்தப் பதிலை உங்கள் கணவரிடமும் காட்டுங்கள். கதை எழுதுகிறவர், பக்கத்து அறையில் பாட்டு நின்றுபோனதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறாரே, அதை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.