வாசகர் கேள்வி பதில்: பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று ஏன் சொல்கிறது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிரிண்டர் பற்றியவை. எல்லாவற்றையும் படித்துப் பார்த்தேன். பெரும்பாலான இடங்களில் மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது. சர்வீஸ்காரர் சொல்லும் வார்த்தை புரியாததால்தான் பணம் போகிறது. அதனால் வார்த்தைகளிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி (ஆடிட்டர் அலுவலக ஊழியர், ஈரோடு): எங்களிடம் ஐந்து கம்ப்யூட்டர், ஒரு நெட்வொர்க் லேசர் பிரிண்டர். கரண்ட் போய் வந்தால் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது. சர்வீஸ்காரர் வந்து, "ஐபி மாறிடுச்சு மேடம்" என்று சொல்லி ஏதோ செய்துவிட்டு 400 ரூபாய் வாங்கிக்கொண்டு போகிறார். இரண்டு வாரத்தில் மறுபடி அதே கதை. ஐபி ஏன் மாறுகிறது? மாறாமல் நிறுத்த முடியாதா?

பதில்: நிறுத்தலாம், ஒரே தடவையில் நிறுத்தலாம். அவர் இதை முதல் முறையே செய்திருக்க வேண்டும், அதுதான் எனக்கு வருத்தம்.

ஐபி முகவரி என்பது உங்கள் அலுவலக நெட்வொர்க்குக்குள் ஒவ்வொரு மிஷினுக்கும் உள்ள கதவு எண். 192.168.1.25 என்பது போல நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. இந்த எண்ணை யார் கொடுக்கிறார்கள்? உங்கள் ரவுட்டர். அந்த வேலைக்கு டிஹெச்சிபி என்று பெயர். லாட்ஜ் மேனேஜரை நினைத்துக்கொள்ளுங்கள்: வருகிறவருக்கு எந்த அறை காலியோ அந்தச் சாவியைக் கொடுப்பார், அதுவும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். கரண்ட் போய் ரவுட்டர் மறுபடி எழுந்திருக்கும்போது, சில ரவுட்டர்களில் பழைய பதிவேடே அழிந்து போயிருக்கும், அப்புறம் யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களுக்கு எண் போய்விடும். நேற்று பிரிண்டரிடம் இருந்த 25 இன்று யாருடைய செல்போனிலோ இருக்கலாம். கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. அது இன்னும் பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது, சரியான பதில் வரவில்லை, உடனே 'ஆஃப்லைன்' என்று எழுதிவிடுகிறது. பிரிண்டர் பக்கத்திலேயே பச்சை விளக்கோடு தயாராக நின்றுகொண்டிருக்கும்.

இதைச் சரி செய்ய, முதலில் பிரிண்டர் மெனுவில் நெட்வொர்க் ரிப்போர்ட் அல்லது கான்ஃபிகரேஷன் பேஜ் என்று ஒன்று இருக்கும், அதை அச்சிடுங்கள். அதில் ஐபி முகவரியும் மேக் முகவரி என்று இன்னொன்றும் இருக்கும். மேக் முகவரி என்பது பிரிண்டரின் ஆதார் எண் மாதிரி, தொழிற்சாலையிலேயே பதிந்து வருவது, இரண்டிரண்டாக ஆறு ஜோடி எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும், கரண்ட் போனாலும் மாறாது. அடுத்து ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்துக்குப் போய், இந்த மேக் முகவரிக்கு எப்போதும் இந்த ஐபிதான் என்று எழுதி வைத்துவிடுங்கள். இனி அந்த அறை அவருக்கு மட்டும்தான்.

கடைசியாகக் கம்ப்யூட்டர் பக்கம். பிரிண்டர் ப்ராபர்ட்டீஸில் 'போர்ட்ஸ்' என்ற இடத்தில் உங்கள் பிரிண்டர் 'டபிள்யூஎஸ்டி' என்று தொடங்கும் போர்ட்டில் இருக்கிறதா பாருங்கள். அது விண்டோஸ் தானாகத் தேடிப் பிடித்துப் போட்டது, அடிக்கடி தடம் தவறும். அதை விட்டுவிட்டு 'ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட்' புதிதாகச் சேர்த்து, ரிசர்வ் செய்த எண்ணைக் கொடுங்கள். ஐந்து கம்ப்யூட்டரிலும் செய்ய வேண்டும். கதவு எண்ணைத் தாண்டி உள்ளே போனால் கவுண்டர் எண் ஒன்று உண்டு, நெட்வொர்க்கில் அதற்கும் போர்ட் என்றுதான் பெயர். இந்த வகையில் அச்சு வேலை பெரும்பாலும் 9100 என்ற கவுண்டருக்குப் போகும், அதை விண்டோஸே போட்டுக்கொள்ளும்.

சிலர் ரவுட்டரைத் தொடாமல் பிரிண்டரிலேயே நிலையான ஐபி போட்டுவிடுவார்கள். தப்பில்லை, ஆனால் ரவுட்டர் 100 முதல் 200 வரை பங்கிடுகிறது என்றால் நீங்கள் போடும் எண் அதற்கு வெளியே, 50 மாதிரி, இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் ஒரே எண்ணை இருவர் வைத்துக்கொண்டு சண்டை வரும். ரிப்போர்ட்டில் ஐபி 169.254 என்று தொடங்கினால் பிரிண்டருக்கு ரவுட்டரிடமிருந்து எண்ணே கிடைக்கவில்லை என்று அர்த்தம், கேபிளைப் பாருங்கள். எல்லாம் முடிந்ததும் அந்த ஐபியை ஒரு சீட்டில் எழுதி பிரிண்டர் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

கேள்வி (துணிக்கடை உரிமையாளர், திண்டுக்கல்): மாடியில் வைஃபை எட்டவில்லை என்று இன்னொரு ரவுட்டர் வாங்கி, கீழே இருக்கும் ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்து மாட்டினோம். மாடியில் நெட் அருமையாக வருகிறது. பிரிண்டரையும் மாடி வைஃபையில் சேர்த்தோம். இப்போது கீழே பில் போடும் கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்ட் போகவே இல்லை.

பதில்: உங்களுக்குத் தெரியாமலே ஒரே கடையில் இரண்டு நெட்வொர்க் உருவாகிவிட்டது. ரவுட்டர் என்பது இரண்டு நெட்வொர்க்குகளுக்கு நடுவில் நிற்கும் வாசற்காரர். உள்ளேயிருந்து வெளியே போகிறவரை விடுவார், வெளியேயிருந்து அழைக்காமல் வருகிறவரை விட மாட்டார். மாடி ரவுட்டரின் கண்ணுக்குக் கீழ்த்தளம் 'வெளி'. இரண்டு இடத்திலும் ஐபியைப் பாருங்கள், கீழே 192.168.1 என்றும் மேலே 192.168.0 என்றும், மூன்றாவது எண் வேறாக இருக்கும்.

மாடி ரவுட்டரின் அமைப்பில் 'ஆக்சஸ் பாயிண்ட் மோட்' இருந்தால் அதைப் போடுங்கள், முடிந்தது. அப்போது அது வாசற்காரர் வேலையை விட்டுவிட்டு வைஃபை கொடுக்கும் வேலையை மட்டும் செய்யும். கம்பி இணைப்புகள் மட்டும் போதும் என்றால் ரவுட்டரே வேண்டாம், ஸ்விட்ச் என்று கேட்டு வாங்குங்கள். ஸ்விட்ச் எண் கொடுக்காது, யாரையும் தடுக்காது, கேபிள்களைச் சேர்த்து வைக்கும், அவ்வளவுதான். கடையில் இரண்டு பெட்டியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி (தட்டச்சு நிலையம் நடத்துபவர், கும்பகோணம்): ஒரு நாள் பிரிண்ட் கொடுத்தபோது பக்கம் பக்கமாக ஏதேதோ குறிகளும் எழுத்துகளும் வந்துகொண்டே இருந்தன. பிரிண்டரை நிறுத்திப் போட்டாலும் மறுபடி அதே. வைரஸா?

பதில்: வைரஸ் என்று பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் பிரிண்டரிடம் பேச ஒரு மொழி இருக்கிறது. பிசிஎல் ஒன்று, போஸ்ட்ஸ்கிரிப்ட் இன்னொன்று, இரண்டும் 1980களிலிருந்து இருக்கின்றன. விலை குறைந்த பிரிண்டர்களில் பலவற்றுக்கு இந்த இரண்டுமே தெரியாது, அந்தக் கம்பெனியின் தனி மொழி மட்டும்தான். டிரைவர் என்பது இங்கே மொழிபெயர்ப்பாளர். தவறான டிரைவர் போட்டாலோ, வேலை பாதியில் இருக்கும்போது கேபிள் ஆடி முன்பகுதி தொலைந்து போனாலோ, பிரிண்டர் தனக்கு வந்த கட்டளைகளையே வெறும் எழுத்து என்று நினைத்து அச்சடிக்கத் தொடங்கிவிடும். நீங்கள் பார்த்த குறிகள் அவைதான்.

நிறுத்திப் போட்டும் மறுபடி வருவதற்குக் காரணம் ஸ்பூலர். நீங்கள் கொடுத்த வேலைகளை வரிசையில் வைத்து ஒவ்வொன்றாக அனுப்பும் விண்டோஸ் பகுதி அது. வேலை முடிந்ததாகத் தகவல் வராதவரை மறுபடி மறுபடி அனுப்பும். பிரிண்டரை அணையுங்கள். கம்ப்யூட்டரில் 'சர்வீசஸ்' பட்டியலைத் திறந்து 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை நிறுத்துங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்களை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை அழிக்காதீர்கள். ஸ்பூலரை மறுபடி ஓட்டிவிட்டு பிரிண்டரைப் போடுங்கள். அப்புறமும் வந்தால் டிரைவரை எடுத்துவிட்டு, உங்கள் மாடல் எண்ணுக்கு உரியதைக் கம்பெனி தளத்திலிருந்தே இறக்கிப் போடுங்கள்.

கேள்வி (பள்ளி அலுவலக உதவியாளர், விருதுநகர்): ட்ரேயில் பேப்பர் இருக்கிறது, ஆனாலும் சில ஃபைல்களுக்கு மட்டும் பிரிண்டர் ஆரஞ்சு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு பேப்பர் கேட்கிறது. அப்படியே ஜிஎஸ்எம் என்றால் என்னவென்றும் சொல்லுங்கள்.

பதில்: அந்த ஃபைல் 'லெட்டர்' அளவில் இருக்கிறது. அமெரிக்கத் தாள் அது, 216க்கு 279 மில்லிமீட்டர். நம்முடைய ஏ4 210க்கு 297. ட்ரேயில் ஏ4 இருப்பது பிரிண்டருக்குத் தெரியும், கேட்டதோ லெட்டர், அதனால் நீங்கள் மாற்றி வைப்பீர்கள் என்று காத்திருக்கிறது. ஃபைலில் பேப்பர் சைஸை ஏ4 ஆக்குங்கள், பிரிண்டிங் ப்ரிஃபரன்சஸிலும் ஏ4 என்று வைத்துவிடுங்கள்.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஏ4 தாள் சதுர மீட்டரில் 16ல் ஒரு பங்கு. 80 ஜிஎஸ்எம் என்றால் ஒரு தாள் 5 கிராம், 500 தாள் கொண்ட ரீம் இரண்டரை கிலோ. 75 ஜிஎஸ்எம் ரீம் சுமார் 2 கிலோ 340 கிராம். சந்தேகம் வந்தால் தராசில் வைத்துப் பார்த்துவிடலாம், கவரில் அச்சிட்டதை நம்பியிருக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் ரீமைப் பிரித்தபடி வைக்காதீர்கள், ஈரம் ஏறிய தாள் ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்றாக உள்ளே போய் மாட்டும். ஜாம் என்று வரும் பல புகார்கள் இதுதான்.

கேள்வி (வக்கீல் அலுவலக குமாஸ்தா, தஞ்சாவூர்): டோனர் பெட்டியில் 1,600 பக்கம் என்று போட்டிருக்கிறது. எங்களுக்கு 900 கூட வருவதில்லை. ஏமாற்றுகிறார்களா?

பதில்: அந்தக் கணக்கு ஒரு சர்வதேசத் தரத்தின்படி எடுக்கப்படுவது. அதற்கான மாதிரிப் பக்கத்தில் சுமார் 5 சதவீத இடத்தில்தான் மை விழும். அதாவது சின்னக் கடிதம், சுற்றிலும் வெள்ளை. உங்கள் பக்கங்கள் மேலிருந்து கீழ்வரை நெருக்கமான எழுத்து, இடையில் ஆதார் நகல், போட்டோ, கறுப்பு முத்திரை. 10 சதவீதம் ஆனாலே 1,600 என்பது 800 ஆகிவிடும். அதனால் 900 என்பது எனக்கு நியாயமாகவே படுகிறது. புது பிரிண்டரோடு வரும் டோனர் பல மாடல்களில் குறைவாகவே நிரப்பி வரும், அதையும் கணக்கில் வையுங்கள். வரைவு நகல்களுக்கு டோனர் சேவ் போடலாம், கோர்ட்டில் தாக்கல் செய்வதற்கு வேண்டாம்.

கேள்வி (பதிவு ஆவண எழுத்தர், நாகர்கோவில்): பழைய ஜெராக்ஸ் மிஷினில் ஸ்கேன் செய்தால் நேராகக் கம்ப்யூட்டர் ஃபோல்டருக்கு வந்துவிடும். புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதிலிருந்து வரவில்லை. மிஷினை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: உடனே மாற்றாதீர்கள். ஃபோல்டருக்கு அனுப்ப மிஷின் பயன்படுத்தும் வழிக்கு எஸ்எம்பி என்று பெயர். அதன் முதல் பதிப்பில் பாதுகாப்பு ஓட்டை இருந்தது. 2017 மே மாதம் வானாகிரை என்ற தாக்குதல் அந்த வழியாகத்தான் உலகம் முழுக்கப் பரவியது. அதே ஆண்டின் பிற்பகுதியிலிருந்து புதிதாக நிறுவும் விண்டோஸ் 10ல் முதல் பதிப்பை மைக்ரோசாஃப்ட் போடுவதில்லை. உங்கள் மிஷினுக்கு அது ஒன்றுதான் தெரியும் என்றால் புதுக் கம்ப்யூட்டர் பதில் பேசாது. விண்டோஸில் அதைத் திரும்ப இயக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், உங்கள் கம்ப்யூட்டரில் மக்களின் சொத்துப் பத்திரங்கள் இருக்கின்றன. மிஷினுக்கு ஃபர்ம்வேர் அப்டேட், அதாவது அதன் உள் மென்பொருளின் புதிய பதிப்பு, வந்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் யூஎஸ்பி டிரைவில் ஸ்கேன் செய்து எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி (இ-சேவை மையம், அரியலூர்): லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டலாமா?

பதில்: வேண்டாம். டோனர் என்பது பிளாஸ்டிக் கலந்த தூள், அதைத் தாளில் உருக்கி ஒட்ட ஃபியூசர் என்ற உருளை 200 டிகிரி வரை சூடாகிறது. அந்த நேரத்தில் இழுக்கும் கரண்டைச் சின்ன யுபிஎஸ் தாங்காமல் அணைந்துவிடும், கூடவே கம்ப்யூட்டரும் அணைந்துவிடும். பிரிண்டரை நேராகச் சுவர் ப்ளக்கில் மாட்டுங்கள். யுபிஎஸ்ஸில் இடம் இருந்தால் அங்கே ரவுட்டரை மாட்டுங்கள், ஈரோடு வாசகிக்கும் அதையே சொல்வேன்.