இரவல் கார்: இன்சூரன்ஸ் வண்டிக்கா, ஓட்டுபவருக்கா?

கேள்வி: பிரிட்டனுக்கு முதுகலை படிக்க வந்து எட்டு மாதம் ஆகிறது. என்னோடு தங்கியிருக்கும் சீனியர் அண்ணன் இரண்டு மாதம் இந்தியா போகிறார். "கார் சும்மாதானே நிற்கும், நீ ஓட்டு. ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். என்னிடம் இந்திய லைசென்ஸ் இருக்கிறது. நான் தனியாக இன்சூரன்ஸ் எடுக்க வேண்டுமா?

பதில்: எடுக்கத்தான் வேண்டும். அதுவரை வண்டியைத் தொடாதீர்கள். உங்கள் அண்ணன் பொய் சொல்லவில்லை; இன்சூரன்ஸ் இருக்கிறது, ஆனால் அவருக்கு இருக்கிறது. இந்தியாவில் உரிமையாளர் சம்மதத்தோடு, முறையான லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் பொதுவாக பாலிசி செல்லும். அந்த நினைப்பிலேயே பிரிட்டனிலும் ஓட்டிவிடுகிறோம். பிரிட்டனில் பெரும்பாலான பாலிசிகள் அதில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும்தான்.

இதில் ஒரு கண்ணாமூச்சி உண்டு. நம்பர் பிளேட்டைப் படிக்கும் போலீஸ் கேமராவுக்கு அந்தக் காருக்கு பாலிசி இருப்பதுதான் தெரியும். ஓட்டுவது யார் என்று தெரியாது. அதனால் பல நாள் ஒன்றும் நடக்காது. போலீஸ் கை காட்டி நிறுத்தும் அன்று 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 தண்டனைப் புள்ளி. வண்டியையும் பறிமுதல் செய்யலாம். வழக்கு கோர்ட்டுக்குப் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை. ஓட்டக் கொடுத்த அண்ணன் மீதும் குற்றம் வரும். யார் மீதாவது மோதிவிட்டால், அவருக்கு நஷ்டஈடு கொடுத்த கம்பெனி அந்தப் பணத்தை உங்கள் இருவரிடமும் திருப்பிக் கேட்க முடியும். அபராதத்தைவிட நான் பயப்படுவது இதற்குத்தான்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஓரிரு நாள் தேவைக்கு, உங்கள் பெயரிலேயே தற்காலிக பாலிசி எடுக்கலாம். ஒரு மணி நேரத்துக்குக்கூடக் கிடைக்கிறது. இரண்டு மாதம் என்றால் அது கட்டுப்படியாகாமல் போகலாம். அப்போது இரண்டாவது வழி: அண்ணன் கிளம்புவதற்கு முன்பே அவரையே அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்யச் சொல்லி, கூடுதல் ஓட்டுநராக உங்கள் பெயரைச் சேர்க்கக் கேளுங்கள். இரண்டு மாதமும் நீங்கள்தான் ஓட்டப் போகிறீர்கள் என்பதை மறைக்க வேண்டாம். பிரீமியத்தைக் குறைக்க, அதிகம் ஓட்டுபவர் இன்னொருவர் என்று எழுதுவதை அங்கே மோசடியாகவே பார்க்கிறார்கள், பாலிசியே ரத்தாகலாம். இந்திய லைசென்ஸ் என்பதையும் சொல்லிவிடுங்கள். பகுதிநேர வேலைக்குக் காரில் போவதாக இருந்தால் அதையும் தனியாகச் சொல்ல வேண்டும். சொந்த உபயோகம் என்பதில் வேலைக்குப் போய்வருவது அடங்காமல் இருக்கலாம்.

உங்களுக்கு இன்னொரு கெடுவும் இருக்கிறது. அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் இந்திய லைசென்ஸில் ஓட்டலாம். எட்டு போய்விட்டது, இந்த இரண்டு மாதம் தாங்கும். அண்ணன் திரும்புவது தள்ளிப்போனால் கணக்கு இடிக்கும்.

விபத்தில் ஒரு பகுதித் தொகையை நாமே கட்ட வேண்டியிருக்கும். கிளெய்ம் செய்தால் அண்ணனின் நோ கிளெய்ம் போனஸும் அடிபடும். அது யார் பொறுப்பு என்று இப்போதே வாட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் பஸ்ஸில் போங்கள்.