பண்டிகைக்கு முன்னால் வாருங்கள், அம்மா

கேள்வி: எனக்கு 69 வயது. ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் வீடு. சர்க்கரையும் பிரஷரும் பத்து வருடமாக உண்டு. அவர் போன பிறகு இது இரண்டாவது கிறிஸ்துமஸ். மூன்று பிள்ளைகளும் குடும்பத்தோடு வருகிறார்கள், மொத்தம் 11 பேர். இப்போதே படபடப்பாக இருக்கிறது. தூக்கம் இல்லை, பேரப்பிள்ளைகள் பெயர் மாறி வருகிறது, மதியம் கை நடுங்குகிறது, முழங்கால் வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். வீட்டில் ஒரே கழிப்பறை என்பதால் நீர் மாத்திரையை நிறுத்திவிட்டேன். வாயுத் தொல்லை வேறு. தெருக்குழாயிலிருந்து குடம் தூக்கி வந்தால் நெஞ்சில் பாரம் ஏறி மூச்சு முட்டுகிறது. திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஏப்பம் விட்டால் சரியாகிறது. மருமகன் அனுப்பிய வீடியோவைப் பார்த்ததிலிருந்து மறதி நோயோ என்று பயம். பிள்ளைகள் சந்தோஷமாக வந்து போகட்டும், ஜனவரியில் வந்து காட்டினால் போதுமா?

பதில்: போதாது, அம்மா. இந்த வாரமே வாருங்கள்.

உங்களுக்கு மறதியைப் பற்றிப் பயம். எனக்கு அந்தக் குடத்தைப் பற்றித்தான் கவலை. குடத்தோடு நடந்தால் பாரம் ஏறுகிறது, உட்கார்ந்தால் இறங்குகிறது என்கிறீர்கள். வாயு இப்படிக் கணக்குப் பார்த்து வராது. சாப்பிட்டதும் வரும், படுத்தாலும் வரும், சும்மா இருக்கும்போதும் வரும். நடந்தால் வந்து, நின்றால் போவதை இதயத்தின் கணக்கில்தான் முதலில் எழுத வேண்டும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்புப் படிந்து உள்ளே குறுகியிருந்தால், சும்மா இருக்கும்போது அதில் போகிற ரத்தம் போதும். சுமையோடு மணலில் நடக்கும்போது இதயம் கூடுதலாகக் கேட்கும், குறுகிய குழாயால் அதைக் கொடுக்க முடியாது. அந்தப் பற்றாக்குறைதான் பாரமாகவும் மூச்சு முட்டலாகவும் தெரிகிறது. உட்கார்ந்ததால்தான் உங்களுக்குச் சரியானது. ஏப்பமும் அதே நேரத்தில் வந்தது, அவ்வளவுதான்.

சினிமாவில் காட்டுவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது எல்லாருக்கும் நடப்பதில்லை. பத்து வருடச் சர்க்கரையில் நரம்புகள் மழுங்கியிருக்கலாம், வலி வலியாகவே தெரியாமல் போகலாம். சர்க்கரை உள்ள பெண்களுக்கு மேல்வயிற்றில் அழுத்தமாக வரலாம், தாடையில் இழுக்கலாம், முதுகில் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே கனக்கலாம். சிலருக்கு வெறும் அசதியும் குளிர்ந்த வியர்வையும்தான். இதையெல்லாம் வாயு என்று பெயர் வைத்து, ஓமத் தண்ணீர் ஒரு நாள், சோடா ஒரு நாள், கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை பத்து நாள் என்று ஓட்டிவிட்டு வருகிறவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். கோபம் வருகிறது அம்மா, மறைக்கவில்லை. அந்த மாத்திரை வயிற்று எரிச்சலை அடக்கும். குறுகிய குழாயை அது ஒன்றும் செய்யாது.

பரிசோதனைக்குப் போகும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்துவிட்டுப் படுத்து எடுக்கும் ஈசிஜி, இந்த மாதிரி நேரத்தில் நார்மலாகவே வரலாம். "ஈசிஜி நல்லா இருக்கு" என்று கேட்டதும் திரும்பி வந்துவிடாதீர்கள். "நடந்தா வருது, உட்கார்ந்தா போகுது" என்று இதே வார்த்தைகளில் டாக்டரிடம் சொல்லுங்கள். அதைக் கேட்ட டாக்டர் ரத்தப் பரிசோதனை, எக்கோ என்கிற இதய ஸ்கேன் என்று அடுத்ததைப் பார்ப்பார். ராமநாதபுரம் வர முடியாவிட்டால் முதலில் ராமேஸ்வரம் அரசு மருத்துவமனைக்காவது போய்விடுங்கள். அதுவரை குடம் தூக்க வேண்டாம், பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுங்கள்.

ஜனவரிக்குத் தள்ளக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் உங்கள் தீவிலிருந்தே ஓர் அம்மாவை டிசம்பர் 26 காலையில் தூக்கி வந்தார்கள். மகள் அழுதுகொண்டே சொன்னார்: "ரெண்டு நாளா முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டே அச்சு முறுக்கு சுட்டாங்க டாக்டர், அடுப்பு வெக்கைன்னு நினைச்சோம்." அது வெக்கை இல்லை, மாரடைப்பின் வியர்வை. பிள்ளைகள் வந்த நேரத்தில் ஆஸ்பத்திரி எதற்கு என்று அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. உயிர் பிழைத்தார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போய்விட்டது. இன்றைக்கும் பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. சுவீடனில் 1998 முதல் 2013 வரை வந்த 2,80,000-க்கும் மேற்பட்ட மாரடைப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், முக்கியமாக இரவு 10 மணி வாக்கில், மாரடைப்பு சாதாரண நாட்களைவிட 37 சதவீதம் கூடியிருந்தது. 75 வயதைத் தாண்டியவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அது இன்னும் அதிகம். அவர்கள் ஊர் குளிர் வேறு, நம் வாடைக்காற்று வேறு. ஆனால் பண்டிகை நாளில் வயதானவர்கள் மாத்திரையை மறப்பதும், நேரம் தப்பிச் சாப்பிடுவதும், உடம்பு சொல்வதை மறைப்பதும் எங்கேயும் உண்டு.

உங்களுக்கு இன்னொரு சிரமமும் இருக்கிறது. பாம்பன் பாலத்தைத் தாண்டித்தான் ராமநாதபுரம் வர வேண்டும், நல்ல நாளிலேயே ஒரு மணி நேரம். டிசம்பர் கடைசியில் ஐயப்ப பக்தர்களும் லீவுக்கு வருகிறவர்களும் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திக் கடலைப் பார்ப்பார்கள், ஆம்புலன்ஸ் ஊர்ந்துதான் வரும். அதனால் இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே பாரம் வந்தால், அல்லது பாரத்தோடு குளிர்ந்த வியர்வை, வாந்தி, மயக்கம் வந்தால், உடனே 108. பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வரக் கூடாது. 2023 முதல் தமிழக அரசின் இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை வைத்திருக்கிறார்கள். அங்கே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைக் கடன் வாங்கி வைக்காதீர்கள். பிரஷர் திடீரென்று இறங்கி விழுந்துவிடுவீர்கள்.

சரி, மற்றதற்கு வருகிறேன். பெயர் மாறுவது மட்டும் மறதி நோய் ஆகிவிடாது. யாருக்கு எங்கே பாய் விரிப்பது, எத்தனை படி அரிசி போடுவது என்று மனதில் ஓடிக்கொண்டிருந்தால் மூத்தவனைச் சின்னவன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். தெரிந்த தெருவிலேயே வீட்டுக்கு வழி குழம்பினால் வாருங்கள், பார்ப்போம். அந்த வீடியோவை அழித்துவிடுங்கள்.

கை நடுக்கம், காலையில் சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு, எல்லாருக்கும் பரிமாறி முடித்து மூன்று மணிக்குச் சாப்பிடுவதால் இருக்கும். அது தாழ்சர்க்கரை. நடுங்கினால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டுச் சாப்பிடுங்கள். இனி முதல் பந்தியில் நீங்கள் உட்காருங்கள். 24 இரவு பூசைக்கும் வெறும் வயிற்றோடு போக வேண்டாம். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம்தான் உபவாசம், முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அதுவும் கட்டாயம் இல்லை.

முழங்காலுக்கு வாங்கும் மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். அந்த வகை வலி மாத்திரைகள் பெரும்பாலும் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், இதயத்துக்கும் ஆகாது. ஒரு பக்கம் அதைப் போட்டுக்கொண்டு இன்னொரு பக்கம் நீர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறீர்கள், உங்கள் மூச்சு முட்டலில் இதற்கும் பங்கு இருக்கலாம். கழிப்பறைக் கூச்சம் எனக்குப் புரிகிறது. வீடு எழுவதற்கு முன்னால், காலை ஐந்தரைக்கே போட்டுவிடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், கூட்டம் கூடுவதற்குள் தொந்தரவு பெருமளவு குறைந்துவிடலாம். கருவாட்டையும் ஊறுகாயையும் இந்த மாதம் விட்டுவிடுங்கள்.

தூக்கத்துக்கு மாத்திரை தர மாட்டேன். உங்கள் வயதில் ராத்திரி எழுந்து நடக்கும்போது தடுமாறி இடுப்பை உடைத்துக்கொள்வதில்தான் அது முடியும். அவர் இல்லாத வீட்டில் எல்லாரும் கூடப்போகிறார்கள் என்பதும் உங்களைத் தூங்கவிடாமல் இருக்கலாம். அழுகை வந்தால் அழுங்கள். பிள்ளைகள் முன்னால் அழுதாலும் தப்பில்லை, அவர்களுக்கும் அப்பா இல்லாத பண்டிகைதான்.

கடிதத்தின் கடைசி வரியில் உங்கள் பயம் தெரிகிறது. நோயைவிட, பிள்ளைகளின் சந்தோஷத்தில் மண் விழுந்துவிடுமோ என்றுதான் நீங்கள் பயப்படுகிறீர்கள். லீவு போட்டு, டிக்கெட் எடுத்து வருகிற பிள்ளைகள் உங்கள் கை முறுக்குக்காக மட்டுமா வருகிறார்கள்? இன்றைக்கு ராத்திரியே மூத்த பிள்ளைக்குப் போன் போடுங்கள். நெஞ்சில் பாரம் வருவதைச் சொல்லுங்கள், ஒரு நாள் முன்னதாக வந்து சமையலை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பலகாரத்தில் பாதியைக் கடையில் வாங்கலாம், மீதியை மருமக்கள் சுடட்டும், நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து பதம் சொல்லுங்கள்.

வரும்போது தனியாக வராதீர்கள். பழைய சீட்டு, சுகாதார ஊழியர் வீட்டுக்கு வந்து கொடுக்கிற பிரஷர், சர்க்கரை மாத்திரைகள், மெடிக்கலில் வாங்கிய எல்லா அட்டைகள், வாயுவுக்கு மாத்திரை ஏதும் போட்டால் அதையும் சேர்த்து ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள்.